பாட்டனார் துப்பாக்கியோடு வெளிநாட்டு வேட்டைக்கு: ஏற்காட்டிலும் சேலத்திலும் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேர்வராயன் மலையின் பழைய காபித் தோட்டங்கள் சிலவற்றில் இன்னும் நல்ல துப்பாக்கிகள் இருக்கின்றன. லண்டனிலும் பர்மிங்ஹாமிலும் செய்த 12 போர் (போர் என்பது குழலின் உள்ளளவு) இரட்டைக்குழல்கள், அபூர்வமாக ஒரு .375 ரைபிள். துரைமார்கள் ஊர் திரும்பும்போது விற்றுவிட்டுப் போனவை பல. தாத்தாக்கள் ஆசைப்பட்டு வாங்கியவை சில. இப்போது பேரன்கள் நமீபியாவுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் வேட்டைக்குக் கிளம்புகிறார்கள். கிளம்பும் ஒவ்வொருவரும் என்னிடம் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான். அவற்றை ஓரிடத்தில் எழுதி வைக்கிறேன். விதிகள் மாறக்கூடியவை, டிக்கெட் எடுக்கும் முன் அந்தந்த அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஏற்காட்டிலேயே காட்டெருமையும் பன்றியும் தோட்டத்துக்குள் வந்து நிற்கின்றன. வேட்டைக்கு வெளிநாடு எதற்கு?

வந்து நிற்பது உண்மை, சுடக்கூடாது என்பதும் உண்மை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி வேட்டை இந்தியாவில் தடைசெய்யப்பட்டது. துப்பாக்கி உரிமம் துப்பாக்கிக்கு மட்டும்தான்; மிருகத்துக்கு அல்ல. பயிரை அழிக்கும் விலங்கைப் பற்றிய முறையீடு வனத்துறைக்குப் போக வேண்டும்.

சட்டப்படி என் துப்பாக்கியை இந்தியாவுக்கு வெளியே எடுத்துப் போகலாமா, கூடாதா?

போகலாம். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 10ஆம் பிரிவு, ஏற்றுமதிக்கும் இறக்குமதிக்கும் தனி உரிமம் வேண்டும் என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, ஒரு விலக்கையும் தருகிறது. சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கத் தகுதியுள்ளவர், தம் சொந்த உபயோகத்துக்கு, நியாயமான அளவில், தனி உரிமம் இல்லாமலே அதை வெளியே எடுத்துப் போகலாம், திரும்பக் கொண்டும் வரலாம்.

அதே பிரிவின் அடுத்த உட்பிரிவைப் பலர் படிப்பதில்லை. உங்களுக்கு அந்த விலக்கு பொருந்துமா, அளவு நியாயமானதா, உபயோகம் உண்மையானதா என்று சுங்க அதிகாரிக்குச் சந்தேகம் வந்தால், மத்திய அரசின் உத்தரவு வரும்வரை அவர் துப்பாக்கியைத் தடுத்து வைக்கலாம். விமானம் அதுவரை காத்திருக்காது. ஆகவே, சந்தேகத்துக்கு இடமில்லாதபடி காகிதங்களை அடுக்கிக் கொண்டு போவதுதான் உங்கள் வேலை: உரிமம், வேட்டை நடத்துபவரின் அழைப்புக் கடிதம், போக வர டிக்கெட், போகும் நாட்டின் அனுமதி. உரிமம் வழங்கிய அலுவலகத்துக்கும் பயண விவரத்தைக் கடிதமாகக் கொடுத்து, முத்திரையிட்ட நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

தாத்தாவின் துப்பாக்கி. அவர் காலமாகிப் பல வருடம் ஆகிறது. உரிமம் இன்னும் அவர் பெயரில்தான் இருக்கிறது. பரவாயில்லையா?

பரவாயில்லை என்று யாராவது சொல்லியிருந்தால் அவர் சொன்னதை மறந்துவிடுங்கள். உரிமதாரர் இறந்தபின் அந்தத் துப்பாக்கி காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற துப்பாக்கி வியாபாரியிடமோ ஒப்படைக்கப்பட வேண்டும். வாரிசுச் சான்றும் மற்ற வாரிசுகளின் சம்மதமும் வைத்து உங்கள் பெயரில் உரிமம் வாங்கிய பிறகே அது உங்கள் துப்பாக்கி. உங்கள் உரிமத்தில், ஆயுத உரிமங்களுக்கான தேசியத் தரவுத்தளத்தின் தனி அடையாள எண் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

2019ஆம் ஆண்டுத் திருத்தம் இன்னொரு சிக்கலைக் கொண்டுவந்தது. ஒருவர் மூன்று துப்பாக்கி வைத்திருக்கலாம் என்பது இரண்டாகக் குறைந்தது. பரம்பரையாக வந்ததும் அந்த இரண்டுக்குள் அடக்கம். உரிமத்தின் காலம் மூன்றிலிருந்து ஐந்து வருடமாக நீண்டது ஒன்றுதான் ஆறுதல். பரண்மேல் இருப்பது .303 ரைபிள் என்றால் அது தடைசெய்யப்பட்ட போர் வகை. அதைப் பயணத் திட்டத்திலிருந்தே எடுத்துவிடுங்கள்.

உரிமம் அப்பா பெயரில் இருக்கிறது. அப்பா வீட்டில் இருப்பார், போவது நான். கூடுமா?

கூடாது. 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின் 25ஆம் விதி, உரிமதாரர் 70 வயதை எட்டிய பிறகோ துப்பாக்கியை 25 வருடம் வைத்திருந்த பிறகோ, எது முன்னதோ அப்போது, உயிரோடு இருக்கும்போதே சட்டப்படியான வாரிசுக்கு மாற்ற வழி செய்கிறது. முதலில் அதை முடித்துவிட்டுப் பிறகு பயணத்தைப் பற்றி யோசியுங்கள்.

சேலத்திலிருந்தே விமானம் ஏறலாமா? பெங்களூருவா, சென்னையா?

காமலாபுரத்திலிருந்து கிளம்பும் சிறிய விமானங்களை இதற்கு நம்ப வேண்டாம். பன்னாட்டு விமானத்தில் ஏறும் ஊரில், சுங்க அதிகாரியின் முன்னால் நீங்களே துப்பாக்கியோடு நிற்பதுதான் நல்லது.

பெங்களூரு கிட்டத்தில் இருக்கிறது என்று பலர் அதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஓசூரைத் தாண்டினால் கர்நாடகம். உங்கள் உரிமத்தின் எல்லை தமிழ்நாடு மட்டும் என்றிருந்தால், அத்திப்பள்ளியைக் கடக்கும்போதே குற்றம் நிகழ்ந்துவிடுகிறது. இந்தியா முழுவதற்குமான எல்லை இல்லாதவர்கள் சென்னைக்கே போகட்டும். மும்பையிலோ டெல்லியிலோ இறங்கி மாறும் பயணத்துக்கும் இதே கேள்வி எழும் என்பதை மறக்க வேண்டாம்.

நேராகவே கேட்கிறேன். விலை உயர்ந்த துப்பாக்கியை எடுத்துப் போகத்தான் வேண்டுமா?

பெரும்பாலோருக்கு என் பதில்: வேண்டாம். ஆப்பிரிக்காவில் வேட்டை நடத்தும் நிறுவனங்கள் வாடகைக்கு ரைபிள் தருகின்றன. தொலைநோக்கி பொருத்தி, அந்த ஊர்த் தோட்டாவுக்குக் குறி சரிபார்த்து வைத்திருப்பார்கள். கூடு, ஓரிக்ஸ் போன்ற மான்களுக்கு 12 போர் துப்பாக்கியால் பயனே இல்லை. நமீபியாவில் விலங்கின் அளவுக்கேற்பக் குறைந்தபட்ச ஆற்றல் சட்டத்திலேயே இருக்கிறது: ஸ்பிரிங்பாக் மானுக்கு 1,350 ஜூல், கூடு, ஓரிக்ஸுக்கு 2,700, எருமைக்கு 5,400. உங்கள் தாத்தாவின் இரட்டைக்குழல் எவ்வளவு அழகாக இருந்தாலும் இந்தக் கணக்குக்குள் வராது.

அப்படியானால் எப்போது எடுத்துப் போகலாம்? இரண்டு இடங்களில் நான் சம்மதிப்பேன். ஒன்று, பறவை வேட்டை. உடம்புக்கு அளந்து செய்த, தோளில் பதியும் மரக்கட்டையுள்ள துப்பாக்கி பறக்கும் பறவையிடம் காட்டும் வித்தியாசம் வாடகைத் துப்பாக்கியில் கிடைக்காது. அதுவும் இங்கிலாந்தில் ஃபெசன்ட், கிரௌஸ் வேட்டை என்றால், அந்தத் துப்பாக்கி எதற்காகப் பிறந்ததோ அதைச் செய்யப் போகிறது. கிரௌஸ் பருவம் ஆகஸ்ட் 12இல் தொடங்கி டிசம்பர் 10 வரை. ஃபெசன்ட் அக்டோபர் 1 முதல் பிப்ரவரி 1 வரை. இரண்டு, நீங்கள் பல காலம் பழகிய, நல்ல நிலையிலுள்ள .375 ரைபிள்.

நண்பர்களிடம் காட்டிப் படம் எடுத்துக்கொள்வதற்காக என்றால் வேண்டாம். அந்தப் படத்தை ஏற்காட்டு வராந்தாவிலேயே எடுத்துக்கொள்ளலாம்.

எங்களுடையது லண்டன் துப்பாக்கி. 12 போர் என்றால் எல்லாத் தோட்டாவும் சேருமல்லவா?

இல்லை. கை விரலோ கண்ணோ போவது இங்கேதான் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பழைய ஆங்கிலத் துப்பாக்கிகளில் பலவற்றின் தோட்டா அறை இரண்டரை அங்குலம், அதாவது 65 மில்லிமீட்டர். இன்று கடைகளில் பரவலாகக் கிடைப்பது 70 மில்லிமீட்டர் தோட்டா. வஞ்சகம் என்னவென்றால், வெடிக்காத 70 மில்லிமீட்டர் தோட்டா சிறிய அறைக்குள்ளும் சுகமாகப் போய் உட்காரும். 70 என்பது, மடித்து மூடியிருக்கும் தோட்டாவின் வாய் விரிந்த பிறகான நீளம். சுடும்போது அந்த மடிப்பு குழல் குறுகும் இடத்தில் போய் விரிகிறது, அழுத்தம் ஏறுகிறது.

குழலின் அடிப்பகுதியில் உள்ள சோதனை முத்திரைகளை, துப்பாக்கி தெரிந்த ஒரு மெக்கானிக்கிடம் படிக்கக் கொடுங்கள். லண்டனிலும் பர்மிங்ஹாமிலும் உள்ள சோதனைக் கூடங்கள் குழலை அதிக அழுத்தத்தில் சுட்டுப் பார்த்து முத்திரை குத்துகின்றன. பர்மிங்ஹாம் கூடம் 1813இலிருந்து இருக்கிறது. கருமருந்து என்ற பழைய வகை வெடிமருந்துக்கு மட்டும் முத்திரை பெற்ற குழலில் இன்றைய புகையில்லா மருந்துத் தோட்டாவைப் போடக்கூடாது. குழலில் நீரலை போன்ற கோலம் தெரிந்தால் அது இரும்பையும் எஃகையும் சேர்த்து முறுக்கிச் செய்த டமாஸ்கஸ் வகையாக இருக்கலாம். சந்தேகம் தீரும்வரை சுட வேண்டாம்.

இன்னொன்று: இங்கிலாந்தில் நீர்ப்பறவைகளுக்கு ஈயக் குண்டு 1999இலிருந்தே தடை. அதற்கு மாற்றாக விற்கும் எஃகுக் குண்டு பழைய மெல்லிய குழலைக் கெடுத்துவிடும். பிஸ்மத் குண்டு கிடைக்கிறது, விலை அதிகம். 65 மில்லிமீட்டர் அளவில் வாங்கி வைக்கும்படி வேட்டை நடத்துபவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்.

எவ்வளவு தோட்டா எடுத்துப் போகலாம்?

விமானத்தில் ஒருவருக்கு, பெட்டி எடையும் சேர்த்து, 5 கிலோ. இது உலகம் முழுவதற்குமான விமானப் போக்குவரத்து விதி. சில நிறுவனங்கள் இதையும் குறைக்கும். இரண்டு பேர் பங்கைச் சேர்த்து ஒரே பெட்டியில் 10 கிலோவாகப் போடவும் முடியாது. 12 போர் என்றால் ஏறத்தாழ நூறு தோட்டா. தோட்டா அதன் சொந்த அட்டைப் பெட்டியில், துப்பாக்கியிலிருந்து தனியாக, சரக்குப் பகுதியில் போகும். கருமருந்துக்கு விமானத்தில் இடமே இல்லை.

மிஞ்சியதைத் திரும்பச் சுமந்து வருவது தேவையில்லாத வேலை. அங்கேயே வாங்கி அங்கேயே தீர்த்துவிட்டு வாருங்கள்.

எந்த நாட்டில் என்ன கேட்பார்கள்?

தென்னாப்பிரிக்காவில் காவல்துறையின் 520ஆம் எண் படிவம். கறுப்பு மையில் நிரப்ப வேண்டும். கையெழுத்தை மட்டும் ஜோகன்னஸ்பர்க்கில் இறங்கி அதிகாரி முன்னால் போட வேண்டும். வீட்டிலேயே ஆர்வமாகக் கையெழுத்துப் போட்டு எடுத்துப் போகாதீர்கள். நமீபியாவில் இறங்கும் இடத்திலேயே தற்காலிக அனுமதி தருகிறார்கள், நடைமுறை எளிது. ஆனால் கைத்துப்பாக்கிக்கு அனுமதி இல்லை.

பிரிட்டனில் நீங்கள் விண்ணப்பிக்க முடியாது. அங்கே குடியிருக்கும் ஒருவர் உங்களுக்காகத் தம் பகுதிக் காவல்துறையிடம் விண்ணப்பித்து வருகையாளர் அனுமதி வாங்க வேண்டும். 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஏற்பாடு இது. அழைப்பவர் சோம்பேறியாக இருந்தால் உங்கள் பயணம் போயிற்று. அமெரிக்காவுக்கு 6என்.ஐ.ஏ. என்ற படிவமும், ஏதாவது ஒரு மாநிலத்தின் வேட்டை உரிமமும் முன்கூட்டியே வேண்டும். பார்வையாளர் விசாவில் போகும் வெளிநாட்டவர் துப்பாக்கி வைத்திருக்க அந்த வேட்டை உரிமம்தான் ஆதாரம்.

நியூசிலாந்தும் வருகையாளர் உரிமம் தருகிறது. அங்கே இமாலய வரையாட்டை 1904இல் கொண்டுபோய் விட்டார்கள். பெருகி மலைச்செடிகளைத் தின்று தீர்ப்பதால் சுடச் சொல்கிறார்கள். டெக்சாஸில் நம் புள்ளிமானும் வெளிமானும் நீலமானும் வேலி போட்ட பண்ணைகளில் திரிகின்றன. நீலகிரி வரையாட்டை மாநில விலங்காகக் கொண்ட ஊரிலிருந்து போகிறவர்களுக்கு விசித்திரமாகத்தான் இருக்கும்.

வழியில் வளைகுடா நாட்டில் விமானம் மாறுகிறேன். பெட்டி நேராகப் போய்விடும்தானே?

பெட்டி நேராகப் போகலாம். ஆனால் துப்பாக்கி அந்த நாட்டு மண்ணைத் தொடுகிறது. அதற்கு அந்த நாட்டின் முன் அனுமதி வேண்டியிருக்கும். விமான நிறுவனம் வழியாக, பல நாட்கள் முன்னால் கேட்க வேண்டும். டிக்கெட்டை வாங்கிவிட்டுக் கேட்பவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். முதலில் நிறுவனத்தின் ஆயுதப் பிரிவிடமிருந்து எழுத்தில் சம்மதம், பிறகு டிக்கெட். இரண்டு வேறு நிறுவனங்களின் தனித்தனி டிக்கெட்டுகளில் போகிறவர் இடையில் பெட்டியை எடுத்து மீண்டும் ஒப்படைக்க வேண்டும். அப்போது அது அந்த நாட்டுக்குள் இறக்குமதி. இந்தச் சிக்கனம் வேண்டாம்.

துப்பாக்கிக்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது. தொல்பொருள் என்று நிறுத்துவார்களாமே?

நிறுத்தலாம். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் மற்றும் கலைப் பொக்கிஷங்கள் சட்டம், நூறு வருடத்துக்குக் குறையாத, வரலாற்றுச் சிறப்புள்ள பொருளைத் தொல்பொருளாக எண்ணுகிறது. அதைத் தனியார் வெளிநாட்டுக்கு எடுத்துப் போக முடியாது. உங்கள் துப்பாக்கி 1910இல் செய்தது, மேலே வெள்ளிச் சித்திர வேலை, ஏதோ ஜமீன்தாரின் பெயர் வேறு பொறித்திருக்கிறது என்றால், சுங்க அதிகாரி கேள்வி கேட்பதில் தவறு இல்லை.

இதற்கு மருந்து, இந்தியத் தொல்லியல் துறையின் 'தொல்பொருள் அல்ல' என்ற சான்றிதழ். சென்னை வட்ட அலுவலகம் கோட்டைக்குள் இருக்கிறது. பொருளையும் படங்களையும் பார்த்து நிபுணர் குழு முடிவு செய்யும். தொல்பொருள்தான் என்று அவர்கள் சொல்லிவிட்டால் அத்துடன் பயண ஆசையை விட்டுவிட வேண்டும். தயாரித்த வருடத்தை வரிசை எண் வைத்துக் கண்டுபிடிக்கலாம். பழைய லண்டன் நிறுவனங்கள் சில தங்கள் பதிவேடுகளைப் பார்த்துக் கடிதம் தருகின்றன. நூறுக்குக் கீழே என்று அந்தக் கடிதம் காட்டினால் அதையும் உரிமத்தோடு வையுங்கள்.

குழல் நுனியில் குறிபார்க்க உதவும் குறிமணி தந்தத்தில் இருக்கிறது. அவ்வளவு சின்னதுக்கும் பிரச்சினையா?

ஆம். யானைத் தந்தம், அழியும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் உடன்படிக்கைக்குள்ளும் நம் வனவிலங்குச் சட்டத்துக்குள்ளும் வருகிறது. அது காட்டுப்பன்றி இனத்துக் கோரைப்பல்லாகக் கூட இருக்கலாம், ஆனால் விமான நிலையத்தில் அதை யார் நிரூபிப்பது? பித்தளை மணி மாற்றிக்கொள்ளுங்கள். கைப்பிடியில் தந்தத் தகடு பதித்ததென்றால் வீட்டிலேயே இருக்கட்டும்.

எந்தப் பெட்டியில் வைப்பது? கூட வந்த தோல் பெட்டியே இருக்கிறது.

அந்த ஓக், தோல் பெட்டிக்குத் தனியாகவே விலை உண்டு. விமானச் சுமை இறக்குபவர் கையில் கொடுக்காதீர்கள். பூட்டும் வசதியுள்ள கெட்டி பிளாஸ்டிக் அல்லது அலுமினியப் பெட்டி வேண்டும். இரட்டைக்குழல் பிரிந்து சிறிதாகிவிடும் என்பது ஒரு வசதி: துப்பாக்கிப் பெட்டி போலத் தோன்றாத சதுரப் பெட்டியில் அடங்கும். வெளியே நிறுவனத்தின் பெயர் ஒட்டி விளம்பரம் செய்ய வேண்டாம்.

ஏற்காட்டு மூடுபனியில் வருடக்கணக்காக ஈரம் குடித்த கட்டை நமீபியாவின் வறட்சியில் சுருங்கும், திருகுகள் தளரும். அங்கே உட்கார்ந்து வீட்டு ஸ்க்ரூடிரைவரால் முறுக்காதீர்கள், தலை சிதைந்து துப்பாக்கியின் மதிப்பும் குறையும். மெக்கானிக்கிடம் காட்டும்வரை சுடாமல் வைத்திருப்பதே மேல்.

இன்ஷூரன்ஸ்?

சாதாரணப் பயணக் காப்பீட்டை நம்ப வேண்டாம். துப்பாக்கியைப் பற்றி அதில் என்ன எழுதியிருக்கிறது என்று வரிவரியாகப் படியுங்கள். தனிப் பாலிசியில் உலகம் முழுவதும் என்ற சொல்லும், முன்கூட்டி ஒப்புக்கொண்ட மதிப்பும் இருக்க வேண்டும். மதிப்பீட்டாளர் கடிதமும், எண்களும் முத்திரைகளும் தெரியும் படங்களும் இல்லாமல் அந்த மதிப்பு வராது. துப்பாக்கி எவ்வளவு பழையதோ அவ்வளவு தேய்மானம் கழித்துத் தருவேன் என்கிற பாலிசி உங்களுக்கு உதவாது.

பெட்டி வரவில்லை அல்லது திருடு போய்விட்டது. முதலில் என்ன செய்வது?

விமான நிலையத்தை விட்டு வெளியே வராதீர்கள். நிறுவனத்தின் கவுண்டரில் எழுத்துப் புகார், உடனே அங்குள்ள காவல்துறையில் புகார், இரண்டுக்கும் எண்ணுள்ள நகல். பிறகு இந்தியத் தூதரகம், உரிமம் வழங்கிய அலுவலகம், உங்கள் ஊர்க் காவல் நிலையம் மூன்றுக்கும் தகவல். காணாமல் போன துப்பாக்கியை உடனே தெரிவிப்பது உங்கள் கடமை. ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளினால் இழந்தவர் குற்றவாளி ஆகிவிடுவார்.

பயண நேரத்தில் தேர்தல் அறிவித்துவிட்டால்?

துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு வரும். விலக்கு வேண்டுமென்றால் எழுத்தில் கேட்கலாம், கிடைக்காது என்று வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள். தேர்தல் வருடத்தில் வாடகைத் துப்பாக்கிதான்.

இங்கே தடை என்று அங்கே போய்ச் சுடுவது நியாயமா?

மலையில் என் நண்பர்கள் பாதிப் பேர் இதைக் கேட்கிறார்கள். நமீபியாவில் 1996ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு ஊர்ச் சமூகங்களே காட்டு நிலத்தை நிர்வகித்து, வேட்டை வருமானத்தையும் பெறுகின்றன; அங்கே போவதில் எனக்கு உறுத்தல் இல்லை. கூண்டில் வளர்த்த சிங்கத்தை வேலிக்குள் விட்டுச் சுட அழைப்பவரிடம் போகிறவருக்கு நான் காகித உதவி செய்வதில்லை.

சுட்ட விலங்கின் தலையைக் கொண்டுவந்து பங்களாவில் மாட்டலாமா?

அதை நம்பிப் பணம் கட்டாதீர்கள். சைட்ஸ் பட்டியலில் உள்ள விலங்கு என்றால் அந்த நாட்டின் ஏற்றுமதி அனுமதி மட்டும் போதாது. இந்தப் பக்கத்தில் வனவிலங்கு, வெளிவர்த்தகம், சுங்கம் என்று மூன்று வாசல்கள் இருக்கின்றன. படத்தோடு திருப்திப்படுங்கள்.

திரும்பி வரும்போது என்ன காட்ட வேண்டும்?

போகும்போதே, பெட்டியை ஒப்படைக்கும் முன், சுங்க அதிகாரியிடம் ஏற்றுமதிச் சான்றிதழ் கேட்டு வாங்கிவிட வேண்டும். அதில் துப்பாக்கியின் பெயர், போர், வரிசை எண் எல்லாம் இருக்கட்டும். குழலில் ஓர் எண், உடலில் ஓர் எண் என்றிருந்தால் இரண்டும். வரும்போது, சுங்கத்திடம் தெரிவிக்க வேண்டியது உள்ளவர்களுக்கான சிவப்பு வழியில் போய் அதைக் காட்டினால், வெளிநாட்டில் வாங்கியது என்ற சந்தேகமும் தீர்வையும் எழாது. அந்தச் சான்றிதழ் இல்லாதவர்கள் தாத்தாவின் சொத்துக்கு வரி கட்டும் நிலைக்குப் போகலாம்.

ஒரே துப்பாக்கிக்கு மாற்றுக் குழல் ஜோடியும் கொண்டுபோகிறவர்கள் அதையும் தனியாக எழுதச் சொல்லுங்கள்.

லண்டனில் இதற்கு நல்ல விலை கிடைக்கும் என்கிறார்கள். வேட்டை முடிந்ததும் அங்கேயே விற்றுவிட்டு வரலாமா? அல்லது பழுது பார்க்க விட்டுவிட்டு வரலாமா?

இரண்டாவது கேள்வியில் நீங்கள் பார்த்த 10ஆம் பிரிவு விலக்கு சொந்த உபயோகத்துக்கு. விற்றால் அது வியாபாரம், ஏற்றுமதி. அதற்கான அனுமதி வேறு. உங்கள் உரிமத்தில் துப்பாக்கி இருக்கும், பெட்டியில் இருக்காது. மேலே சொன்ன ஏற்றுமதிச் சான்றிதழும் அப்போது உங்களுக்கு எதிராகவே சாட்சி சொல்லும்.

பழுதுக்கு விட்டுவிட்டு வருவதும் அதே வகைதான். அதைத் திரும்பக் கொண்டுவருவது யார், எந்த அனுமதியில்? உண்மையாகவே விற்கவோ பழுது பார்க்கவோ எண்ணம் இருந்தால், வேட்டைப் பயணத்தோடு சேர்க்காமல், உரிமம் பெற்ற வியாபாரி ஒருவர் வழியாக, முறையான அனுமதியோடு தனியாக அனுப்புங்கள். அவர் கேட்கும் கட்டணம் அதிகமாகத் தோன்றும்; கொடுத்துவிடுங்கள்.